கோழி செதுக்கிய மூடி

இயேசு மரி சூசை துணை

ஃபுத்திலா, கபிந்தா
1957 பிப்ரவரி 2, சனிக்கிழமை

ஜிட்டாவின் அப்பாவுக்கு பெலிஸ்மினா எழுதுவது.

நான் சுகம். ஜிட்டாவும் சுகம். நீங்களும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். மரியாதைக்கு எழுத வேண்டியது இத்தோடு முடிந்தது.

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் வந்தது. மழையைப் பற்றி எழுதியிருந்தீர்கள், துறைமுகத்துக்கு வந்த புதுக் கப்பலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. நான் கேட்டது ஒன்றுதான். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை நீங்கள் சமையல் வேலை பார்க்கிற துரைசாணி வீட்டில் பாத்திரம் கழுவ அனுப்ப நான் எப்போது சம்மதித்தேன்?

பிள்ளை விஷயத்தில் தாய்மாமன் சொல்லே பெரிது. நம் வழக்கம் அது, நான் அதை மீறவில்லை. ஆனால் என் அண்ணன் பும்பாவுக்கு நீங்கள் என்ன சொல்லி அனுப்பினீர்கள்? "அவளுக்கும் சம்மதம், நீங்களும் சரின்னு சொல்லிட்டா ஈஸ்டர் முடிஞ்சதும் புள்ளைய லாரி ஏத்திடலாம்" என்று. அண்ணன் அதை நம்பிச் சரி சொல்லிவிட்டார். லாரிக்காரர் சிக்காயாவிடம் இடமும் சொல்லி வைத்தாகிவிட்டது. ஏப்ரல் 27. தேதியைக்கூட எனக்கு சிக்காயாதான் சொன்னார்.

இன்று மெழுகுதிரி மந்திரிக்கும் நாள். பூசையில் சாமியார் வாசித்ததைக் கேட்டுக்கொண்டே நின்றேன். மாதா தன் பிள்ளையைத் தன் கையால் தூக்கித்தான் கோவிலுக்குப் போனாள். வேறு யாரும் பிள்ளையை மூட்டையோடு மூட்டையாக ஏற்றிவிடவில்லை.

இந்த மாதச் சட்டி சிக்காயாவிடம் வருகிறது. செம்பனை எண்ணெயில் வைத்த குழம்பு, புகை போட்ட மீன் ஏழு துண்டு, இலையில் கட்டிய மரவள்ளி ரொட்டி நான்கு. சட்டியின்மேல் வழக்கமான வெற்று மூடி இல்லை. கல்யாணத்தன்று அம்மா எனக்குக் கொடுத்த, மரத்தில் செதுக்கிய ஏழு பட மூடிகளில் ஒன்று இருக்கிறது. பதினாலு வருஷத்தில் இதற்கு முன் இரண்டே தடவைதான் பட மூடியை எடுத்திருக்கிறேன். ஒன்று உங்கள் குடிப்பழக்கத்துக்காக. மற்றது எதற்கென்று உங்களுக்கே தெரியும்.

நடுவில் கோழி. சிறகுக்கு அடியில் ஒரே ஒரு குஞ்சு. ஓரத்தில் வாய் திறந்த கூடை. இது பெரியவர்களின் எந்தச் சொல் என்று உங்கள் ஊரில் பால் மறந்த பிள்ளைக்கும் தெரியும், நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. பட மூடி வந்தால் என்ன செய்வது என்பதும் தெரியும். உங்களோடு ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுகிற லுபேந்தோவும் பூனாவும் இருக்கும்போது கயிற்றை அவிழ்க்க வேண்டும். படம் என்ன கேட்கிறது என்று அவர்கள் சொல்ல வேண்டும். நீங்கள் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் முதல் கவளம்.

நானே வாய் திறந்து கேட்டால் வாயாடி என்பீர்கள். இது என் வாய் இல்லை. எனக்கு முன்னால் போனவர்களின் வாய். அவர்களை வாயாடி என்று சொல்லிப் பாருங்கள்.

பெலிஸ்மினா லுவேம்பா


புவாந்த்-நுவார்
1957 பிப்ரவரி 20

அன்புள்ள பெலிஸ்மினாவுக்கு,

சட்டி வந்தது. குழம்பு நன்றாக இருந்தது, உப்பு மட்டும் ஒரு சிட்டிகை தூக்கல். கோபத்தில் சமைத்தால் உப்பு கூடும் என்று எங்கள் சமையற்கட்டில் சொல்லிச் சிரிப்போம். மீன் அருமை. இங்கே பிரெஞ்சுக்காரர்கள் மீனைப் பாலில் வேகவைத்துத் தின்கிறார்கள், பார்க்கவே பாவமாக இருக்கும்.

ஜிட்டாவைப் பற்றி நீ வீணாகக் கவலைப்படுகிறாய். துரைசாணி நல்ல மாதிரி. சமையற்கட்டுக்கு அடுத்த அறையில் கட்டில் போட்டுக் கொசுவலைகூட வாங்கியாகிவிட்டது. காலையில் காய் நறுக்க வேண்டும், வெள்ளிக் கரண்டி துடைக்க வேண்டும், அவ்வளவுதான். பிற்பகலில் கன்னியாஸ்திரீகளிடம் பிரெஞ்சு படிக்கலாம். நான் பக்கத்திலேயே இருக்கிறேன். அப்பன் கண் முன்னால் இருக்கிற பிள்ளைக்கு என்ன வந்துவிடும்?

நீலப் பூப்போட்ட துணி மூன்று முழம் அனுப்பியிருக்கிறேன். கவுனை முழங்காலுக்குக் கீழே வருகிற மாதிரித் தைக்கச் சொல். இங்கே அதுதான் வழக்கம்.

அண்ணனுக்கு என் வணக்கம்.

காஸ்பர் மவுங்கோ


இயேசு மரி சூசை துணை

ஃபுத்திலா
1957 மார்ச் 2, சனிக்கிழமை

காஸ்பர் மவுங்கோ அவர்களுக்கு,

சட்டி திரும்பி வந்தது. அதன் வாயில் பிரெஞ்சுப் பத்திரிகைத் தாள் கட்டியிருந்தது. என் மூடி எங்கே?

உப்பைப் பற்றி எழுதத் தெரிந்தது. கொசுவலையைப் பற்றி எழுதத் தெரிந்தது. மூடி என்று ஒரு சொல் இல்லை. கடிதத்தை மூன்று முறை படித்தேன், பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன்.

சிக்காயாவை நிற்க வைத்துக் கேட்டேன். "சட்டிய எங்க கொடுத்தீங்க?"

"துரை வீட்டு ரோட்டுல கொடுத்தேன்மா. எப்பவும் லுபேந்தோ வீட்டு வாசல்லதான் கொடுப்பேன். இந்தத் தடவ உன் புருஷன் ரோட்டு முனையிலயே நின்னு வாங்கிக்கிட்டாரு."

"லுபேந்தோ இருந்தாரா?"

"யாரும் இல்ல. மூடியப் பாத்தாரு. மேல இருந்த துணிய இழுத்து மூடிக்கிட்டாரு. வேகமாப் போயிட்டாரு."

ஆக, தனியாகத் தின்றீர்கள். என் கேள்வியை மூடிக்கொண்டு, என் குழம்பைத் தொட்டுக்கொண்டு, சமையற்கட்டு மூலையில் உட்கார்ந்து ஏழு துண்டு மீனையும் தின்றீர்கள். நம் ஆட்களில் இப்படிச் செய்த ஒருவரை நான் கேள்விப்பட்டதில்லை. குடிகாரன்கூட பட மூடியை நாலு பேர் முன்னால் வைத்துவிட்டுத்தான் தலையைச் சொறிவான்.

அண்ணனிடம் போனேன். சம்மதம் இல்லை என்று மூடி அனுப்பினேன் என்றேன். அவர் கூடை முடைந்துகொண்டே கேட்டார்.

"யாரு பாத்தாங்க?"

"அவரு பாத்தாரு."

"அவன் பாத்தது கணக்கில்ல. கூடச் சாப்பிட்டவன் எவன் பாத்தான்?"

"அண்ணே, நான் பொய் சொல்றேனா?"

"நீ சொல்றது பொய்னு நான் சொல்லல தங்கச்சி. ஆனா சட்டியக் கொண்டுபோன சிக்காயா சொல்றது செல்லாது, பாயில உட்கார்ந்து பாத்தேன்னு சொல்ல ஆள் இல்ல, மூடியும் இல்ல. அவன் சாப்பிட்டுட்டான், ஒண்ணும் பேசல. அப்ப உனக்குக் குறை இல்லன்னுதான் அர்த்தம். நாளைக்கு நான் சொன்ன சொல்ல மாத்தினா, பொம்பள அழுதான்னு பும்பா பின்வாங்கிட்டான்னு ஊரு சொல்லும்."

முறைப்படி அவர் பேசியதில் தப்பு இல்லை. அதுதான் எனக்கு எரிகிறது. முறை தெரிந்துதான் நீங்கள் தனியாகத் தின்றிருக்கிறீர்கள்.

புதன்கிழமை சாம்பல் பூசி தவக்காலம் தொடங்குகிறது. நாற்பது நாள் இருக்கிறது. மூடியை அனுப்புங்கள். இல்லையென்றால் லுபேந்தோ முன்னாலும் பூனா முன்னாலும் அதை வைத்துப் பதில் சொல்லுங்கள். துணியை நான் வெட்டவில்லை. மடித்தபடி பெட்டியில் இருக்கிறது.

என்னிடம் இன்னும் ஆறு மூடி இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

பெலிஸ்மினா


புவாந்த்-நுவார்
1957 மார்ச் 13

பெலிஸ்மினா,

மூடி உடைந்துவிட்டது. கழுவும்போது சிமெண்டுத் தரையில் விழுந்து இரண்டாகப் பிளந்துபோயிற்று. பழைய மரம். அடுப்பில் போட்டுவிட்டேன். இதற்காக இவ்வளவு பெரிய கடிதம் வேண்டாம்.

நீ பேசிவிட்டாய், இப்போது நான் பேசுகிறேன். தாய்மாமன், முறை, வழக்கம், ஏழு மூடி. எல்லாம் உன் பக்கம். அப்பனுக்கு நம் வழக்கம் என்ன கொடுத்திருக்கிறது? நான் பெற்ற பிள்ளை உன் வம்சம். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் உன் அண்ணன் மருந்து சொல்வார். அவளுக்குக் கல்யாணம் என்றால் உன் அண்ணன் பேசுவார். நான் துணி வாங்கி அனுப்புவேன், அவ்வளவுதான். ஆறு வருஷமாக இந்த ஊரில் அடுப்புச் சூட்டில் நிற்கிறேன். அவளை நான் பார்த்தது நான்கு தடவை. போன தடவை வந்தபோது என்னை வாங்க என்று கூப்பிட்டுவிட்டு உன் பின்னால் போய் நின்றுகொண்டாள், விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி.

பிள்ளை பக்கத்தில் இருக்கட்டும் என்று ஒரு அப்பன் நினைத்தால் அது திருட்டா? நான் நேராகக் கேட்டிருந்தால் நீ விட்டிருப்பாயா? மாட்டாய். அதனால்தான் சம்மதம் என்று சொல்லி அனுப்பினேன். ஆமாம், சொன்னேன். போதுமா?

மரத்தை அனுப்புகிறாயே, அதுவும் அடுத்த ஆண்கள் முன்னால் நான் தலைகுனிய வேண்டும் என்று. புருஷனுக்கு எழுதுகிற கடிதத்தில் எழுதினால் போதாதா?

27ஆம் தேதி பிள்ளை வருகிறாள். கவுனைத் தை.

காஸ்பர்


இயேசு மரி சூசை துணை

ஃபுத்திலா
1957 ஏப்ரல் 6, சனிக்கிழமை

காஸ்பர் மவுங்கோ,

அடுப்பில் போட்ட மூடி சாப்பாட்டு அறைச் சுவரில் எப்படி முளைத்தது?

சிக்காயா வியாழக்கிழமை வந்தார். பைகளை இறக்குவதற்கு முன்னாலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். சூசையப்பர் திருநாளன்று உங்கள் துரைக்கு விருந்தாம். பரிமாற ஆள் போதாமல் தையற்காரர் லுபேந்தோவையும் சலவைக்காரர் பூனாவையும் துரைசாணி சொல்ல நீங்களே கூப்பிட்டு வெள்ளைச் சட்டை மாட்டிவிட்டீர்களாம். சூப்புத் தட்டோடு உள்ளே நுழைந்த லுபேந்தோ அப்படியே நின்றுவிட்டாராம். மேசைக்கு மேலே, சிலுவைக்கு எதிர்ச் சுவரில், வட்டமாக, என் கோழி.

அவர்கள் பேசியதை சிக்காயா ஒன்றுவிடாமல் ஒப்பித்தார்.

"பூனா, அது என்ன அங்க?"

"கண்ணு தெரியலயா? சட்டி மூடி."

"அது தெரியுது. யாரோடது?"

"நம்ம ஆள்ல கல்யாணம் ஆகி, ஒத்தப் பொம்பளப் புள்ள இருக்கிறவன் இந்த வீட்ல எத்தன பேரு? சூப்பு ஆறுது, நட."

விருந்து முடிந்து உங்களைக் கொல்லையில் பிடித்துக் கேட்டார்களாம். துரைசாணி பார்த்தாள், அழகாக இருக்கிறது என்றாள், கேட்டாள், கொடுத்துவிட்டேன் என்றீர்களாம். படம் என்ன சொல்கிறது என்று அவள் கேட்டதற்கு, வந்த விருந்தாளி வயிறாரச் சாப்பிட வேண்டும் என்று சொல்கிறது என்றீர்களாம். இதைச் சொல்லும்போது சிக்காயாவுக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

உங்களுக்கு எழுதக் கை கூசுகிறது. என் அம்மா கையால் எண்ணெய் தடவித் துடைத்த மூடி அது. அதன் கோழி என் பிள்ளைக்காகக் கத்திக்கொண்டு நிற்கிறது. அதற்குக் கீழே உட்கார்ந்து முன்பின் தெரியாதவர்கள் மூன்று வேளையும் தின்கிறார்கள். ஒவ்வொரு தட்டையும் சமைத்து அதற்குக் கீழே கொண்டுபோய் வைக்கிறவர் நீங்கள். தினமும் அதை நிமிர்ந்து பார்த்தீர்களா, தலையைக் குனிந்துகொண்டீர்களா? இதற்கு மட்டும் உண்மையாகப் பதில் எழுதுங்கள்.

கடிதத்தில் எழுதினால் போதாதா என்று கேட்டீர்கள். இதனால்தான் போதாது. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். மூடியை ஒளித்துவைக்க நீங்களும் என்னவெல்லாமோ செய்தீர்கள். அது போய் நடு வீட்டில் உட்கார்ந்துகொண்டது.

போன சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் பண்ணினேன். கோபம் என்றேன். "யார் மேல?" என்றார் சாமியார். "என் புருஷன் மேல." "எத்தன நாளா?" "ரெண்டு மாசமா, தினமும்." மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். முப்பது சொன்னேன். கோபம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அப்பனுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதை அண்ணன் வீட்டுப் பாயில் உட்கார்ந்து நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. அங்கே கேட்க வேண்டியதை இங்கே பொய்யால் எடுக்கப் பார்த்தீர்கள். ஜிட்டாவிடமும் கேட்டேன். "அப்பாவப் பாக்கணும். ஆனா அடுத்தவங்க அடுப்படியில படுக்க மாட்டேன்" என்றாள். உங்களை விட அவளுக்குப் பேச்சு நேராக வருகிறது.

லுபேந்தோவும் பூனாவும் இப்போது உங்களோடு பாயில் உட்காருவதில்லை என்று அறிந்தேன். மூடியைப் பார்த்தோம் என்று அண்ணனுக்குச் சொல்லியும் அனுப்பியிருக்கிறார்கள். அண்ணன் தாடையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார்.

"சுவத்துலதான பாத்தாங்க? சட்டி மேல பாக்கலயே."

"அண்ணே, சுவத்துக்குக் கீழ சாப்பாடு இருந்துச்சா இல்லயா?"

அண்ணன் ஒரு கூடைக் குச்சியை வளைத்துச் செருகினார். "இருந்துச்சு. அதையும் அவன்தான் கொண்டுவந்து வச்சான்" என்றார். பிறகு சொன்னார்: "சரி, மூடி வந்துச்சுன்னு ஒத்துக்கறேன். ஆனா பதில அவன் வாயால, அந்த மூடிக்கு முன்னால, அவங்க ரெண்டு பேரு காதுலயும் விழுற மாதிரி சொல்லணும். உனக்குச் சம்மதம் இல்லன்னு அவனே சொன்னா நான் என் சொல்ல வாங்கிக்கறேன். சொல்லலன்னா புள்ள 27ஆம் தேதி லாரி ஏறும்."

ஆகவே என் பிள்ளை போவதும் இருப்பதும் இப்போது உங்கள் நாக்கில் இருக்கிறது. இதுவரை அந்த நாக்கு எனக்கு ஒரு நல்லதும் செய்ததில்லை.

பெலிஸ்மினா


புவாந்த்-நுவார்
1957 ஏப்ரல் 24, புதன்

பெலிஸ்மினா,

நீ கேட்டதற்கு முதலில் பதில். தலையைக் குனிந்துகொண்டேன். முதல் வாரம் நிமிர்ந்து பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை, வெறும் மரம்தானே என்று நினைத்தேன். பிறகு குனிந்தேன். அப்புறம் தட்டுகளை மேசையின் மறுபக்கத்திலிருந்து வைக்க ஆரம்பித்தேன். துரைசாணி "ஏன் காஸ்பர், இடது பக்கம் என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

லுபேந்தோவும் பூனாவும் பாயை மடித்துக்கொண்டு போனதிலிருந்து தனியாகத்தான் சாப்பிட்டேன். ஊரெல்லாம் நம் ஆட்கள். தண்ணீர்க் குழாயடியில் நின்றால் ஒருவன் கோழி மாதிரிக் கொக்கரிப்பான். "காஸ்பர் அண்ணே, கூடை வாங்கலயா?" என்பான் இன்னொருவன். இதெல்லாம் உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ஈஸ்டர் ஞாயிறு மதியம் பன்னிரண்டு பேருக்கு விருந்து. ஆட்டுத் தொடை சுட்டிருந்தேன். பரிமாற அந்த இரண்டு பேரையும் துரைசாணியே கூப்பிட்டிருந்தாள். இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் கை தட்டினாள்.

"காஸ்பர், இங்க வா. இவங்க சுவத்துல இருக்கிற இந்த வட்டப் படத்தப் பத்திக் கேக்கறாங்க. விருந்தாளிங்களப் பத்தி ஏதோ அழகாச் சொல்லுதுன்னியே, அத இவங்களுக்கும் சொல்லு."

பன்னிரண்டு முகமும் என் பக்கம் திரும்பின. பூனா கையிலிருந்த தட்டை மேசையில் வைத்துவிட்டான், துரைக்குப் பரிமாறாமல். நம் பாஷையில் சொன்னான்: "சொல்லுடா. நாங்க இருக்கோம்."

விருந்தாளி வயிறாரச் சாப்பிட வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தப் பொய் எனக்கு மனப்பாடம். மேலே பார்த்தேன். உன் கோழி என்னைப் பார்க்கவில்லை, குஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அது ஏன் என்னை அப்படி அடித்தது என்று எழுதத் தெரியவில்லை.

நான் சொன்னது இது. "இது அலங்காரத் தட்டு இல்ல, அம்மா. என் பெண்சாதி சட்டி மேல வச்சு அனுப்பின மூடி. இந்தக் கோழி அவ. குஞ்சு என் மக. கூடை இந்த வீடு. மக இங்க வர்றதுல அவளுக்குச் சம்மதம் இல்ல. சம்மதம்னு நான் சொன்னது பொய். விருந்தாளின்னு உங்ககிட்ட சொன்னதும் பொய். புள்ள வரமாட்டா."

யாரோ ஒருவர் சிரித்தார். "அப்ப கூடை நீங்கதான்" என்று துரைசாணியைப் பார்த்துச் சொன்னார். மற்றவர்களும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "ரெண்டு மாசமா இதுக்குக் கீழ உட்கார்ந்தா சாப்பிட்டேன்?" என்று மெதுவாகக் கேட்டாள். ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, பட்டுப் பாவாடையோடு ஏறி, தன் கையாலேயே மூடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். சுவரில் அந்த இடம் மட்டும் வட்டமாக வெளுத்துத் தெரிந்தது.

துரை எழுந்து என்னோடு சமையற்கட்டு வரை வந்தார். விருந்தாளிகள் முன்னால் அவர் மனைவியைக் கூடை என்று சொன்ன சமையற்காரன் நாளையிலிருந்து வேண்டாம் என்றார்.

ஆக, உன் மரக்கட்டை என் வேலையைத் தின்றுவிட்டது. ஆறு வருஷ வேலை. எனக்கு உன்மேல் கோபம் இல்லை என்று நினைக்காதே. அன்று லுபேந்தோ வீட்டில் பாயை விரித்து என்னை உட்காரச் சொன்னார்கள். மூடியை நடுவில் வைத்தோம். லுபேந்தோ கேட்டான், நான் மறுபடியும் பதில் சொன்னேன், பிறகுதான் சாப்பிட்டோம். நான் ஒரே கவளத்தை உருட்டிக்கொண்டே இருந்தேன். "பொண்டாட்டி இல்லாத இடத்துலயே இந்தப் பாடு, நேர்ல போனா என்ன ஆவியோ" என்று பூனா என் முதுகைத் தட்டினான்.

அவர்கள் இரண்டு பேரும் உன் அண்ணனுக்குச் சொல்ல வேண்டியதை சிக்காயாவிடம் சொல்லியனுப்பிவிட்டார்கள். இந்தக் கடிதமும் அவரோடுதான் வருகிறது. கொடுக்கல் வாங்கலை முடித்துக்கொண்டு அடுத்த லாரியில் நான் வருகிறேன். அண்ணன் வீட்டுப் பாயில் உட்கார்ந்து, அப்பனுக்கு என்ன இருக்கிறது என்று கேட்கத்தான் போகிறேன். நீயே கேட்கச் சொன்னாய்.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். நான் வரும்போது அடுப்பில் வெற்று மூடி போட்ட சட்டி இருக்குமா?

காஸ்பர்


இயேசு மரி சூசை துணை

ஃபுத்திலா
1957 ஏப்ரல் 27, சனிக்கிழமை

ஜிட்டாவின் அப்பாவுக்கு பெலிஸ்மினா எழுதுவது.

லாரி வாசலில் உறுமிக்கொண்டு நிற்கிறது. ஆகையால் சுருக்கமாக எழுதுகிறேன்.

வியாழக்கிழமை சிக்காயா நேரே அண்ணன் வீட்டுக்குத்தான் போனார். லுபேந்தோ சொன்னது, பூனா சொன்னது, இரண்டையும் தனித்தனியாகச் சொன்னார். அண்ணன் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். இரண்டும் ஒத்துப்போயிற்று. கூடையைக் கீழே வைத்தார். "என் சொல்ல நான் வாங்கிக்கிட்டேன். புள்ள இங்கயே இருக்கட்டும்" என்றார். கொஞ்சம் கழித்து, "வெள்ளக்காரன் பன்னெண்டு பேரு முன்னாலயா சொன்னான்? நான்னா அந்த இடத்துல மயக்கம் போட்டு விழுந்திருப்பேன்" என்றார். அது உங்களுக்குச் சொன்ன பாராட்டு, வைத்துக்கொள்ளுங்கள். பாயில் உட்கார்ந்து நீங்கள் கேட்கப் போவதையும் சொன்னேன். "வரட்டும், கேக்கறேன்" என்றார். கேட்கிறேன் என்றுதான் சொன்னார், கொடுக்கிறேன் என்று சொல்லவில்லை.

ஜிட்டாவுக்குச் சொல்லி வைத்த இடத்தில் ஒரு சாக்கு மரவள்ளி மாவு உட்கார்ந்து போகிறது. "இதுக்காவது உன் சம்மதம் உண்டா?" என்று சிக்காயா கேட்டார். உண்டு என்றேன். அது லுபேந்தோவுக்கும் பூனாவுக்கும். பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். உங்களுக்கு அதில் பங்கு இல்லை.

உங்கள் வேலை போனதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். பொய் நம் வீட்டில் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. வருத்தம் உண்டு. வேலையைத் தின்றது என் மரம் என்று எழுதியிருக்கிறீர்கள். மரம் சட்டிமேல் சும்மா இருந்தது. எடுத்துக்கொண்டுபோய்ச் சுவரில் ஏற்றியது யார் என்று லாரியில் வரும்போது யோசித்துக்கொண்டே வாருங்கள், வழி நீளம்.

அந்த அம்மாள் தன் கையால் கழற்றினாள் என்று படித்தபோது அவளுக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னேன். கேட்ட உடனே அவளுக்குப் புரிந்துவிட்டது. உங்களுக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

மூடியைப் பைக்குள் வைக்காதீர்கள். கையில் பிடித்துக்கொண்டு, படம் வெளியே தெரிய, லாரி நிற்கிற இடத்திலிருந்து வீடு வரை நடந்து வர வேண்டும். கிணற்றடியில் பெண்கள் இருப்பார்கள். அவர்கள் கேட்டால் பதில் சொல்லுங்கள், இப்போதுதான் பழகிவிட்டீர்களே. நீலத் துணியை நேற்று வெட்டினேன். முழங்காலுக்குக் கீழே இல்லை, கணுக்கால் வரை. ஜிட்டா அதைப் போட்டுக்கொண்டு உங்களைக் கூப்பிட ரோட்டுக்கு வருவாள். என் பின்னால் நிற்க மாட்டாள், அதை அவளிடம் சொல்லிவிட்டேன்.

அண்ணனை அன்று சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். உங்களோடு ஒரே பாயில் உட்காருவார். செம்பனைக் குழம்பு வைப்பேன், மீன் புகையில் இருக்கிறது, உப்பு அளவாகப் போடுவேன்.

வெற்று மூடி இருக்குமா என்று கேட்டீர்கள். வெற்று மூடி ஒன்று இருக்கிறது. பட மூடி ஆறு இருக்கிறது. நீங்கள் கொண்டு வருவதையும் சேர்த்தால் ஏழு. எல்லாவற்றையும் இன்று காலையில் இறக்கி எண்ணெய் போட்டுத் துடைத்தேன்.

சட்டிமேல் எது இருக்கும் என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. பசியோடு வாருங்கள்.

பெலிஸ்மினா லுவேம்பா